மாலை போடும் முன் பாதத்தைப் பாருங்கள்: கால் நலக் கேள்வி-பதில்

12 வருஷமாகச் சர்க்கரை. கார்த்திகையில் மாலை போட்டு வெறுங்காலோடு சபரிமலை ஏறலாமா? காலில் ஒரு வலியும் கிடையாது. (குமுளி)

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை. சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். மலை இறங்கி வந்த ஒருவருக்குப் பாயில் ரத்தக்கறை இருப்பதை மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு. மூன்று நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறார்!

மாலை போடுங்கள், தப்பில்லை. அதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால், உங்களைக் கண்மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் சில இடங்களைத் தொடுவோம். ஓரிடத்தில் தெரியாவிட்டாலும் வெறுங்கால் வேண்டாம். பம்பையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் ஏற்றம். உச்சிவெயிலில் சிமெண்டுப் பாதை சுடுவதை உங்கள் கால் உங்களுக்குச் சொல்லாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்தது) போடுங்கள். அதையும் ஒரு மாதம் முன்பே வீட்டில் போட்டுப் பழகிவிடுங்கள். படிக்கு முன் கழற்றினால் போதும். ஐயப்பன் இதற்கெல்லாம் கோபிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி படுக்கும் முன் கூட வந்த சாமி யாரையாவது உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கால் ஆணிக்கு எருக்கம்பால் வைக்கலாமா? (கூடலூர்)

வேண்டாம். கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டரும் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது. அதிலுள்ள அமிலம் ஆணி எது, நல்ல தோல் எது என்று பார்க்காது. பிளேடு? கேட்கவே வேண்டாம்.

ஏலத்தோட்ட வேலை. விடியலில் ஜீப் ஏறினால் சாயங்காலம் வரை கம்பூட்ஸ். விரலிடுக்கில் சேற்றுப்புண், சர்க்கரையும் இருக்கிறது. (கம்பம்)

சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, காய்ந்த சாக்ஸ் மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் குதிகால் வெடிப்புக்குச் சரி, விரலிடுக்குக்கு வேண்டாம். ஈரம் அங்கேயே தங்கிவிடும். பூஞ்சைக் களிம்பை அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள். கால் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்குத் தோட்டம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு 20 வருஷச் சர்க்கரை. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. காயமில்லை, வலியுமில்லை. சுளுக்கென்று எண்ணெய் தேய்க்கிறோம். (போடி)

தேய்ப்பதை நிறுத்துங்கள். இது சார்கோ பாதமாக இருக்கலாம். உணர்ச்சி போன பாதத்தில் எலும்புகள் பலமிழந்து நொறுங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். கிருமித் தொற்றோ, கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவோ என்றும் பார்க்க வேண்டும். சார்கோ என்றால் மாதக்கணக்கில் கட்டுப்போட்டு, பாரம் விழாமல் வைத்திருப்பதுதான் வைத்தியம். இன்றைக்கே கூட்டிப்போங்கள். ஆட்டோ வரை அவரை நடக்க விடாதீர்கள்.