ஏறும்போது இருந்த பெடல் இறங்கும்போது எங்கே போனது?

கேள்வி: வணக்கம் அண்ணா. கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். லாப்டொப்பில் சிமியுலேட்டர் மென்பொருள் போட்டு விமானம் ஓட்டிப் பழகுகிறேன். அதில் மூன்று யூஎஸ்பி போர்ட்கள்தான். ஜொய்ஸ்டிக், என்ஜின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில், காலால் மிதித்து விமானத்தைத் திருப்பும் ரடர் பெடல், விளக்கு வைத்த பொத்தான் பலகை ஒன்று, மவுஸ் என்று ஐந்து சாமான். ரவுணில், ஒரு போர்ட்டை நான்காகப் பிரிக்கும் ஹப் ஒன்று வாங்கி, மவுஸைத் தவிர எல்லாவற்றையும் அதில் செருகினேன். ஏடிஆர் 72 விமானத்தில் சென்னையில் இருந்து ஏறும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. பலாலி விமான நிலையத்தில் இறங்கும்போது பெடல் வேலை செய்யாது. சிலவேளை "டொங்" என்று சத்தம் கேட்டு எல்லாமே ஒரு கணம் போய் வருகிறது. கழற்றி வேறு போர்ட்டில் போட்டால் த்ரொட்டிலின் அமைப்புகள் மாறிவிடுகின்றன. ஹப் சரிவராதா? யூஎஸ்பி 3 ஹப் வாங்கினால் வேகம் கூடுமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் "இறங்கும்போது" என்ற சொல். ஹப் பழுது என்றால் ஏறும்போதும் பழுதாகத்தானே இருக்க வேண்டும்? ஓடுபாதையில் ஓடி எழும்பும் வரை பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எழும்பியதும் ஓட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, காலைக் கதிரைக்குக் கீழே மடக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பீர்கள். நானும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரமும் பெடல் அசைவில்லாமல் கிடக்கிறது. சும்மா கிடக்கும் சாமானுக்கு ஏன் மின்சாரம் என்று விண்டோஸ் அதை நித்திரையாக்கிவிடுகிறது. நல்ல சாதனம் என்றால் கால் பட்டதும் எழும்பும். சில பெடல்களும் சில மலிவு ஹப்களும் எழும்புவதில்லை.

ஆகவே காசு செலவழிக்க முதல் இதைச் செய்து பாருங்கள். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸைத் திறந்து, உங்கள் திட்டத்தின் மேலதிக அமைப்புகளுக்குப் போங்கள். அங்கே யூஎஸ்பி செட்டிங்ஸின் கீழ் "செலக்டிவ் சஸ்பென்ட்" என்று ஒன்று இருக்கும். பற்றரியில் ஓடும்போதும் கரண்டில் ஓடும்போதும் அதை டிசேபிள் ஆக்குங்கள். சில புதிய லாப்டொப்களில் இந்த வரியே தெரியாது. பரவாயில்லை, எப்படியும் டிவைஸ் மனேஜருக்குள் போகத்தான் வேண்டும். அங்கே "யூஎஸ்பி ரூட் ஹப்", "ஜெனரிக் யூஎஸ்பி ஹப்" என்று இருக்கும் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நாலைந்து இருக்கும், ஒன்றையும் விடாதீர்கள். விண்டோஸ் பெரிதாக ஒரு புதுப்பிப்புப் போட்ட பிறகு இன்னொரு தடவை போய்ப் பார்ப்பதும் நல்லது.

பெடல் மட்டும் சாகிற கதை இத்தோடு முடியலாம். ஆனால் "டொங்" என்று எல்லாம் ஒன்றாகப் போய் வருவது வேறு வியாதி. அது கரண்ட் போதாமை.

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லிஅம்பியர் வரை தரும். யூஎஸ்பி 3.0 போர்ட், அதாவது பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருப்பது, 900 தரும். உங்கள் ஹப்பில் தனி அடப்டர் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் லாப்டொப் தருவதில் ஹப் தன் பங்கைக் குடித்துவிட்டு, மிச்சத்தைத்தான் நான்கு பேருக்கும் பிரிக்கிறது. யூஎஸ்பி 2.0 விதிப்படி அப்படியான ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஅம்பியருக்குத்தான் பொறுப்பு. தோட்டத்தில் தண்ணீர் கட்டிய ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கிணற்று மோட்டர் ஒன்று, வாய்க்கால் ஒன்று. ஒரு பாத்திக்குத் திறந்தால் நிறையும். நாலு பாத்திக்கும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டால் கடைசிப் பாத்தி வெங்காயத்துக்கு மண் நனைகிற அளவுதான் மிஞ்சும்.

என்னிடம் பெருவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி மீற்றர் இருக்கிறது. ஹப்புக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகினால் வோல்ட் அளவைக் காட்டும். அடப்டர் இல்லாத ஹப் ஒன்றில் ஒருநாள் இருந்து பார்த்தேன். ஜொய்ஸ்டிக் மட்டும் இருந்தபோது 5.0 என்று நின்றது. த்ரொட்டிலையும் பெடலையும் போட 4.8. பொத்தான் பலகையின் விளக்குகளை முழுப் பிரகாசத்துக்குக் கூட்ட 4.6. அதோடு விட்டிருக்கலாம். கைக்கு எட்டிய வயரில் ஃபோனையும் சார்ஜுக்குப் போட்டேன். எண் 4.3 ஐத் தொட்டது, பலகையின் விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின, "டொங்". இப்படியான ஹப்பின் வாசலில் 4.4 வோல்ட்டாவது இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பலாலியை நெருங்கும்போது இருட்டிவிட்டால் பலகையின் விளக்கைக் கூட்டுகிறீர்களா? ஃபோன் எங்கே செருகப்பட்டிருக்கிறது?

மீற்றர் இல்லாவிட்டாலும் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். "யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர்" என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. சாதனம் ஒவ்வொன்றும் செருகிய உடனேயே எனக்கு இவ்வளவு கரண்ட் தேவைப்படலாம் என்று கணினியிடம் சொல்கிறது. அந்த எண் இதில் தெரியும். வேடிக்கை என்னவென்றால், உண்மையில் கொஞ்சமாகக் குடிக்கும் ஜொய்ஸ்டிக்குகளும் 500 வேண்டும் என்று சொல்லி வைப்பதுண்டு. அடப்டர் இல்லாத ஹப்பில் அப்படிக் கேட்டால் விண்டோஸ் இணைக்கவே மறுக்கலாம். சாமான் நல்லதுதான், கேட்ட அளவுதான் பிழை.

ஹப் வாங்குவதானால் என் பதில் ஒன்றுதான்: தனி அடப்டர் உள்ளது. பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம், அடப்டரில் எழுதியிருக்கும் அம்பியரைப் பாருங்கள். நான்கு போர்ட்டுக்கும் 500 வீதம் கொடுக்க 2 அம்பியர் வேண்டும். ஏழு போர்ட் என்று சொல்லிவிட்டு 1 அம்பியர் அடப்டரை வைத்து விற்பார்கள், அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், லாப்டொப்பை முழுதாக அணைத்து, அதன் சார்ஜரையும் கழற்றிவிட்டு, ஹப்பின் அடப்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். லாப்டொப்பில் ஏதாவது விளக்கு எரிந்தால் ஹப் பின்பக்கமாகக் கரண்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுங்கள்.

அடப்டர் பற்றி இன்னொன்று. எனக்கு வெட்கமான கதை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் ரவுட்டரின் அடப்டரும் ஹப்பின் அடப்டரும் கறுப்பு, இரண்டின் உருண்டை முனையும் ஒரே அளவு. ஒருநாள் மேசையைக் கூட்டித் துடைத்துவிட்டு ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரை 5 வோல்ட் ஹப்பில் குத்திவிட்டேன். வெடிக்கவில்லை, புகையவுமில்லை, பொரியல் சட்டி கருகினால் வருகிற மணம் மட்டும் வந்தது. ஹப் போனது, அதில் இருந்த பழைய ஜொய்ஸ்டிக்கும் போனது. இப்போது ஒவ்வொரு அடப்டரின் கழுத்திலும் வெள்ளை டேப் ஒட்டி, எத்தனை வோல்ட், எதற்குரியது என்று எழுதி வைத்திருக்கிறேன். அதோடு, வெளிநாட்டு ஹப்களின் அடப்டர் பெரும்பாலும் தட்டைக் கால் பிளக்கோடு வரும். ஆடுகிற கன்வேர்ட்டரில் அதைத் தொங்கவிட்டால் கால் மேசையில் பட்டாலே "டொங்" வரும். இறுக்கமான கன்வேர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று, வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லமாட்டார்கள். கரண்ட் போனால் லாப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஹப்பின் அடப்டர் சாகும். விமானம் வானத்தில், கையில் ஒன்றும் இல்லை. சில ஹப்கள் உடனே லாப்டொப்பின் கரண்டுக்கு மாறிக்கொள்ளும், ஆனால் மாறுகிற அந்தக் கணத்தில் எல்லாம் கழன்று திரும்ப இணையும். டைப் சி ஹப்பில் சார்ஜரையும் செருகி அதன் வழியாக லாப்டொப்பைச் சார்ஜ் செய்பவர்களுக்கும் இதே கதிதான், சார்ஜர் போகிற கணத்தில் பல ஹப்கள் தங்களைத் தாங்களே ரீசெட் செய்துகொள்கின்றன. 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய மினி யூபிஎஸ் வீட்டில் மூலைக்குள் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். அதில் 5 வோல்ட் வெளியீடு இருந்து, உங்கள் ஹப்பும் 5 வோல்ட் ஹப்பாக இருந்தால் இந்த வேலைக்கு அது போதும். எத்தனை அம்பியர் தருகிறது என்று மட்டும் அதன் முதுகில் பாருங்கள்.

சரி, யூஎஸ்பி 3 வேகம். உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஜொய்ஸ்டிக், பெடல் எல்லாம் பொதுவாக செக்கனுக்கு 12 மெகாபிட் வேகத்தில், அதையும் முழுதாகப் பாவிக்காமல் பேசுபவை. யூஎஸ்பி 3 ஹப்பின் உள்ளே யூஎஸ்பி 2 ஹப் ஒன்றும் சேர்ந்தே இருக்கிறது, உங்கள் சாமான்கள் அதில்தான் போய் நிற்கும். தாமதம் வரும் என்ற பயமும் வேண்டாம். ஹப் சேர்க்கும் தாமதம் மில்லி செக்கன் கணக்குக்குக்கூட வராது. உங்கள் லாப்டொப் செக்கனுக்கு 30 படங்கள் காட்டினால் ஒரு படத்துக்கே 33 மில்லி செக்கன் போகிறது. யூஎஸ்பி 3 ஹப் கைவசம் இருந்தால் பாவியுங்கள், ஆனால் வயர்லெஸ் மவுஸின் சிறு டொங்கிளை அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும்.

ஹப்புக்குள் ஹப் போட விதியில் இடம் உண்டு, வரிசையாக ஐந்து வரை. நான் ஒன்றுக்கு மேல் போடமாட்டேன். லாப்டொப்பின் உள்ளேயும் சில கொன்ட்ரோலர்களின் உள்ளேயும் நமக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஹப் இருக்கலாம். வயர் நீளத்துக்கும் கணக்கு உண்டு, ஹப்பில் இருந்து சாதனத்துக்கு 5 மீற்றர். மேசைக்குக் கீழே இருக்கும் பெடலுக்கு மெல்லிய நீட்டு வயரை இணைப்பதைவிட, ஹப்பையே மேசைக் காலில் கட்டிவிடுவது நல்லது.

த்ரொட்டிலின் அமைப்பு மாறுவதற்குக் காரணம் நீங்கள் போர்ட்டை மாற்றியதுதான். பல கொன்ட்ரோலர்களுக்குத் தனித் தொடர் இலக்கம் கிடையாது. எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை வைத்தே விண்டோஸ் அவற்றை அடையாளம் பிடிக்கிறது. போர்ட் மாறினால் புது ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துவிடும், சிமியுலேட்டரும் அதை நம்பும். ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே ஒரு எழுத்தை ஒட்டி, அந்தந்தச் சாமானை அங்கேயே வையுங்கள். ஹப்பையும் லாப்டொப்பின் ஒரே போர்ட்டில்தான் செருக வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் சிமியுலேட்டரின் கொன்ட்ரோல் அமைப்புகளைப் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள்.

கொக்குவில் என்றபடியால் உப்புக்காற்றைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கடலோரமான குருநகர், பாசையூர்ப் பக்கம் இருந்து கொண்டுவந்த ஒரு பிளக்கைக் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன், நான்கு தகடுகளில் இரண்டு பச்சை பிடித்திருந்தன. வயரை ஆட்டும்போது மட்டும் கழன்றால் கொன்டாக்ட் கிளீனரை ஒருதரம் அடித்து, காய விட்டு, திரும்பச் செருகுங்கள்.

இன்றிரவே பறப்பதென்றால், புது ஹப் வருமுன் இடத்தை மாற்றிப் பாருங்கள். பெடலும் ஜொய்ஸ்டிக்கும் லாப்டொப்பில் நேரே. மூன்றாவது போர்ட்டில் ஹப், அதில் த்ரொட்டில், மவுஸ், விளக்கைக் குறைத்த பொத்தான் பலகை. ஃபோன் சுவரில் இருக்கட்டும். புறப்படுமுன் ரன் பெட்டியில் "ஜோய் டொட் சிபிஎல்" (joy.cpl) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் இணைந்திருக்கும் கொன்ட்ரோலர்களின் பட்டியல் வரும். எத்தனை பெயர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்து ஏறி, நடுவில் பெடலைத் தொடாமல் வாருங்கள். பலாலி தெரிகிற நேரம் திரும்ப எண்ணுங்கள். ஒரு பெயர் குறைந்தால் எது என்று எழுதுங்கள், "டொங்" கேட்டதா இல்லையா என்பதையும் சேர்த்து.