ஜிம்கானா: சொல்லுக்குள் குதிரை இல்லை

வணக்கம் ஐயா,
பாடசாலை மலருக்காக ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழாக்குகிறேன். இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி மட்டக்குதிரையோடு 'ஜிம்கானா'வுக்குப் போகிறாள். 'குதிரைப் பந்தயம்' என்று எழுதினேன். மாணவன் ஒருவன், "சென்னை ஜிம்கானா ஒரு கிளப் அல்லவா டீச்சர்?" என்கிறான். எது சரி? 'கானா' என்றால் பாட்டா?
ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்புள்ள டீச்சர்,

மாணவன் கேட்டது நல்ல கேள்வி. இந்தக் கானா பாட்டல்ல. பாரசீகத்தில் வீடு, கூடம். கார்கானா (தொழிற்கூடம்), தோஷகானா (பொருட்களைச் சேமிக்கும் கூடம்) எல்லாம் இதன் உறவுதான். முற்பாதி ஹிந்துஸ்தானியின் 'கேந்த்', அதாவது பந்து. கேந்த்கானா என்றால் பந்தாடும் கூடம். ஆங்கிலேயர் வாயில் கேந்த், அவர்களுக்குப் பழகிய ஜிம்னாஸ்டிக்ஸின் சாயலில் 'ஜிம்' ஆகிவிட்டது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1861இல் வட இந்திய ஊரான ரூர்க்கியில் ஒரு ஜிம்கானா தொடங்கியதாக, இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறிக்கிறது. பம்பாய் ஜிம்கானா 1875, சென்னை 1884.

ஆக, முதலில் அது இடத்தின் பெயர். பிறகு அங்கே நடக்கும் போட்டிக்கும் அதே பெயர் வந்தது. இந்தியாவில் கிளப் என்ற பொருள் நிலைத்தது; இங்கிலாந்தில் குதிரை விளையாட்டு என்ற பொருள்.

அந்த விளையாட்டுகள் நம் இல்ல விளையாட்டுப் போட்டிக்குத்தான் நெருக்கம். தேசிக்காய் ஓட்டத்தைக் குதிரைமேல் இருந்து, தேசிக்காய்க்குப் பதில் முட்டையோடு ஓடுவதாக நினைத்துப் பாருங்கள். சாக்கு ஓட்டமும் உண்டு. கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடுவது இன்னொன்று: அமெரிக்க முறையில் 6 கம்பங்கள், 21 அடி இடைவெளி, ஒன்று விழுந்தால் 5 செக்கன் தண்டம். பீப்பாய் ஓட்டத்தில் முக்கோணமாக வைத்த 3 பீப்பாய்களைச் சுற்ற வேண்டும்; முதலிரண்டுக்கும் இடையே 90 அடி, மூன்றாவது அவற்றிலிருந்து 105 அடி. விழுத்தினால் இங்கும் 5 செக்கன். பீப்பாயைத் தாண்டுமுன்பே கடிவாளத்தைத் திருப்புவதுதான் வழக்கமான பிழை. குதிரையின் தோள் உள்ளே சரியும், பீப்பாய் விழும். வேகத்தைவிடத் திருப்பமே வெல்கிறது.

அதனால் 'பந்தயம்' வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மவருக்கு நுவரெலியாவின் ஏப்ரல் ஓட்டமும் பந்தயக் காசும்தான் நினைவுக்கு வரும். 'குதிரையேற்றப் போட்டி'யும் பொருந்தாது. சிறுமியின் கொண்டாட்டம் அதில் இல்லை. முதல் முறை 'குதிரை விளையாட்டு விழா' என்று எழுதுங்கள். 'மட்டக்குதிரை' மிகச் சரி. 'குதிரைக்குட்டி' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், அது வேறு. சிறுமி பேசும் இடங்களில் 'ஜிம்கானா' அப்படியே இருக்கட்டும்.