ஓலை வாசிக்கும் முன்பே கேளுங்கள்

கேள்வி: வரதட்சணை பாவம் என்று எங்கள் ஆயர் பிரசங்கிப்பதே இல்லை. "கண்டித்தால் ஜனம் வேறு சபைக்குப் போய்விடும்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், கடலூர்

பதில்: ஆள் குறையும் என்று அஞ்சி வாய்மூடுவது மேய்ப்பனுக்கு அழகல்ல. ஆனால் கண்டிப்புக்கு முறை உண்டு. மத்தேயு 18:15-17: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபைக்குமுன். எடுத்த எடுப்பிலேயே மேடையில் ஆரம்பித்தால் குடும்பம் அவமானப்பட்டு ஒதுங்கிவிடும்.

சபையில் முதல் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன்பே இரு வீட்டாரையும் தனித்தனியே விசாரிக்கச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் கேட்டால் பொய்தான் வரும். 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றமே. திருமணத்துக்கு முன் கைமாறிய தொகையைத் திருமண நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பெண்ணிடமே சேர்த்துவிட வேண்டும். மனந்திரும்பினவர்களிடம் சபை கேட்க வேண்டியதும் அதைத்தான், வெறும் கண்ணீரை அல்ல.