மூன்று முறை படித்தும் பவளப்பாறைப் பாடம் தேர்வில் நினைவுக்கு வரவில்லை

நான்காவது முறை படிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள்.

திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். உங்களுக்கும் அநேகமாக அதுதான். 2006இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

இப்படிச் சோதியுங்கள்: இன்றிரவு அந்தப் பாடத்தை ஒருமுறை படித்து மூடுங்கள். நாளை உங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறியதும் உங்களையே கேளுங்கள்: மன்னார் வளைகுடாவில் நீர் சூடானால் பவளம் ஏன் வெளுக்கிறது? உள்ளே வாழும் பாசி வெளியேறுவது, அதனால் பவளத்துக்கு உணவு குறைவது, இதெல்லாம் பாம்பன் பாலம் வருவதற்குள் தடையில்லாமல் வருகிறதா? திக்கிய இடத்தை மட்டும் வீட்டில் திரும்பப் படியுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி உங்களையே கேளுங்கள். (ஓடும் பஸ்ஸில் புத்தகத்தைப் பிரிக்காதீர்கள், தலை சுற்றும்.)

ஒன்று, அடிப்படையே புரியாத பாடத்துக்கு இது உதவாது. முதலில் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நாளைக் காலையே தேர்வு என்றால் குறிப்பை ஒரு புரட்டு புரட்டிவிட்டுத் தூங்குங்கள்.