ஏற்காடு போயும் சண்டையோடு திரும்புகிறீர்களா?

வணக்கம்ங்க. கொலுசுப் பட்டறையில் ஆறு நாளும் ராத்திரி வரை வேலை, ஞாயிறு மட்டும் பிள்ளைகளை ஏற்காடு கூட்டிப்போனால் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொள்கிறார்கள், கடைசியில் சண்டைதான் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் ரெண்டு வருஷம் இதே கூத்துதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். படகு இல்லம், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் ஓடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பாதி நேரம் பார்க்கிங் தேடவே போய்விடும்.

அடுத்த முறை காரை வீட்டில் விட்டுவிட்டு, காலையிலேயே பஸ் ஏறுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சின்னவனை எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள், எண் பலகை இருப்பதால் ஏமாற்ற முடியாது. அந்தச் சுற்றில் போனைப் பார்த்தால் குமட்டும், அது நமக்கு லாபம்! மேலே ஒரே ஒரு இடம் போதும், அதையும் மூத்த மகளே முடிவு செய்யட்டும். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். கோடை மழை பெய்த சில நாளில் போனால் காப்பித் தோட்டம் வெள்ளையாய்ப் பூத்திருக்கும், மல்லிகை மாதிரி வாசம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: பட்டறை வாட்ஸ்அப்பை அன்றைக்கு நீங்கள் பார்க்காமல் இருப்பீர்களா? என் மகள் என்னைத்தான் முதலில் பிடித்தாள்.

வார நாளில் ஏற்காடெல்லாம் வேண்டாம். பட்டறையிலிருந்து வரும் வழியில் தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் காய்கறித் துருவலும் வைத்தது) வாங்கி வந்து, நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் மட்டும் மலையேறாதீர்கள், கூட்டம் தாங்காது.