எலும்பில்லாத மாட்டுக்கறி: கூடுதல் விலைக்குத் தக்க சத்து உண்டா?

கேள்வி: மனைவிக்கு ஹீமோகுளோபின் குறைவு. மாத்திரையோடு கொழுப்பில்லாத இறைச்சியும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடையில் எலும்பில்லாத மாட்டுக்கறிக்கு விலை அதிகம். அதையே வாங்க வேண்டுமா? எலும்பு சூப் போதாதா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: சூப் போதாது. எலும்பை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதில் இறங்கும் இரும்புச்சத்து மிகச் சொற்பம். சத்து சதையில்தான் இருக்கிறது.

கொழுப்பு நீக்கிய தொடைக்கறி 100 கிராமில், சமைப்பதற்கு முன், புரதம் சுமார் 21 கிராம், கொழுப்பு 5 கிராம், இரும்பு 2 மில்லிகிராமுக்கு மேல். பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்). அதோடு பார்த்தால் 2 அற்பமாகத் தெரியும். ஆனால் கறியின் இரும்பு கீரை, பருப்பில் உள்ளதைவிட நன்றாக உடம்பில் சேரும். கூடவே சாப்பிடும் கீரையின் இரும்பையும் கறி சேரவைக்கும். அதனால் கறியோடு கீரைப் பொரியலும் எலுமிச்சை பிழிந்த வெங்காயமும் இருக்கட்டும். டீ மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.

விலைக்கு வருவோம். எலும்போடு ஒரு கிலோ வாங்கி, 300 கிராம் எலும்பு கழிந்தால் மிஞ்சுவது 700 கிராம். கிலோ விலையை 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை எலும்பில்லாத கறியின் விலையைவிடக் குறைவு என்றால் எலும்போடு வாங்குவதே லாபம்.

எலும்பில்லை என்பதாலேயே கொழுப்பும் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள். நெஞ்சுக்கறியில் எலும்பை எடுத்தாலும் கொழுப்பு படிந்தே இருக்கும். வெட்டிக் குவித்து வைத்ததில் ஜவ்வும் கலந்திருக்கும். தொடையில் முழுத் துண்டாகக் கேட்டு, கொழுப்பைச் சீவியபின் எடை போடச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், தராசில் ஏறியபின் பேசிப் பயனில்லை. கறி கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருந்தால் பெரும்பாலும் எருமைக்கறி. அதுவும் நல்லதே, கொழுப்பு இன்னும் குறைவு. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டும். பிசுபிசுத்தால் வேண்டாம்.

கொழுப்பில்லாத கறி சீக்கிரம் நார்நாராகிவிடும். நாருக்குக் குறுக்கே சிறிதாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, குக்கரில் சிறு தீயில் வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பி வைட்டமின்கள் அதில் இறங்கியிருக்கும். எண்ணெயிலும் கை கட்டுப்படவேண்டும். அரைக் கிலோ கறியின் கொழுப்பே 25 கிராம்தான். 50 மில்லி எண்ணெய் ஊற்றினால் இன்னும் 45 கிராம் சேர்ந்துவிடும்.

வாரத்துக்கு, வெந்த எடையில், 350 முதல் 500 கிராமுக்கு மேல் சிவப்பிறைச்சி வேண்டாம். மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது.