பழைய காரின் இன்ஜெக்டர்: கழுவுவதா, மாற்றுவதா? கேள்வி பதில்

இங்கே பேசப்போவது பெட்ரோல் வண்டிகள். அதிலும் சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில் (இன்டேக் மேனிஃபோல்டில்) பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும், 15, 20 வருடம் ஓடிய வண்டிகள். கேட்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஸ்கேனரில் என்ன கோட், ஃப்யூல் ட்ரிம் (வண்டியின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) எவ்வளவு, ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கும் குழாயில்) பிரஷர் எத்தனை பார் என்று சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: சார், 18 வருட வண்டி, 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் ஆடுகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. பிக்கப்பும் மந்தம். நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கழுவினால் போதாதா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். அளந்து பார்க்காமல் இன்ஜெக்டரைக் கழற்றக் கூடாது.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. இன்ஜெக்டர் பொடிப்பொடியாகத் தூவாமல் தாரையாக ஊற்றினால் அந்தப் பெட்ரோல் மேனிஃபோல்டு சுவரில் ஒட்டிக்கொள்ளும், சிலிண்டருக்குள் போதுமான அளவு போகாது. சூடு ஏறியதும் அது ஆவியாகிவிடுவதால் ஆட்டமும் நின்றுவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்குப் பொருந்துகிறது. ஆனால் தேய்ந்த பிளக், பலவீனமான இக்னிஷன் காயில், வேக்குவம் லீக் (இன்டேக்கில் எங்கோ வெளிக்காற்று உள்ளே கசிவது) மூன்றும் இதே மாதிரி நடிக்கும்.

முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். அடுத்து ஸ்கேனரை மாட்டி ஃப்யூல் ட்ரிம்மை ஐடிலில் ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் +15 காட்டி, வேகம் ஏற்றும்போது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் அது வேக்குவம் லீக். ஐடிலில் சுமாராக இருந்து, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பற்றவில்லை: பம்ப், ஃபில்டர் அல்லது இன்ஜெக்டர்.

அப்புறம் ரெயிலில் பிரஷர் கேஜ். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 2.5 முதல் 4 பாருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. இன்ஜினை நிறுத்திய பிறகும் பிரஷர் சட்டென்று விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் பம்ப்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. சப்ளை, ரிட்டர்ன் ரப்பர் ஹோஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக கிளாம்ப் போட்டு இறுக்கிப் பாருங்கள். இரண்டையும் இறுக்கிய பிறகும் விழுகிறது என்றால் இன்ஜெக்டர்தான் சொட்டுகிறது.

இத்தனைக்கும் பிறகு விரல் இன்ஜெக்டரை நோக்கி நீண்டால், கழற்றி, எவ்வளவு விடுகிறது (ஃப்ளோ), எப்படித் தூவுகிறது என்று அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் போடுங்கள். கழுவுவதற்கு முன் எடுத்த ஃப்ளோ அளவு, கழுவிய பின் எடுத்த அளவு இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழுவுவதா மாற்றுவதா என்பதற்கு அந்தத் தாள்தான் பதில்.

கேள்வி: டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வேலை செய்யுமா?

பதில்: பாலிஈதர் அமீன் என்ற கழுவும் ரசாயனம் உள்ளதாக இருந்தால் லேசான படிவத்தைக் கரைக்கும். வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் இன்ஜெக்டர் முனையில் மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகி, கனமான பகுதி மட்டும் பிசினாக ஒட்டும். அந்தப் பிசின் மெலிதாக இருக்கும்வரை கிளீனருக்கு வேலை உண்டு. டப்பாவில் போட்ட அளவைத் தாண்டாமல் ஊற்றி, ஒரு முழு டேங்க் ஓட்டி, ட்ரிம் மாறியதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் இரண்டாவது டப்பா வாங்காதீர்கள். உள்ளே துருத் தூள் அடைத்திருந்தாலோ, இன்ஜெக்டருக்குள் ஊசியைத் திறக்கும் மின்காயில் போயிருந்தாலோ, ஊசி தேய்ந்து சொட்டினாலோ எந்தத் திரவமும் உதவாது.

கேள்வி: மல்டிமீட்டரில் மூன்று இன்ஜெக்டர் 14.1, 14.3, 14.0 ஓம். நான்காவது 10.8. கழுவினால் ஏறுமா?

பதில்: ஏறாது. காயிலுக்குள் சுற்றுகள் ஷார்ட் ஆகிவிட்டன. அதை மாற்றத்தான் வேண்டும். மற்ற மூன்றையும் இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்னொரு முறை அளந்துவிடுங்கள். குளிரில் சரியாகக் காட்டி, சூட்டில் அறுந்துபோகும் காயில்களும் உண்டு.

கேள்வி: அண்ணா, வீட்டிலேயே கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, 12 வோல்ட் பேட்டரியில் கிளிக் கிளிக் என்று திறந்து கழுவலாமா? வீடியோவில் பார்த்தேன்.

பதில்: வேண்டாம் தம்பி. தீப்பிடிக்கும் திரவம் காற்றில் பனிபோல் பரவியிருக்கும்போது, பக்கத்திலேயே பேட்டரி வயர் தொட்டுத் தொட்டுப் பொறி பறக்கும். இது முதல் காரணம். இன்ஜெக்டர் திறந்திருப்பது ஓட்டும்போது சில மில்லி விநாடிதான். ஐடிலில் 2, 3 மில்லி விநாடி. நீங்கள் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தால் காயில் சுட்டுப் போகும். 2, 3 ஓம் வகை இன்ஜெக்டர் என்றால் நொடிகளில் போய்விடும். மூன்றாவது, அந்த கிளீனர் ஓ-ரிங்கையும் முனையில் உள்ள பிளாஸ்டிக் தொப்பியையும் ஊற வைத்துக் கெடுக்கும்.

ஓ-ரிங் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு முறை கழற்றினால் மேல் ஓ-ரிங், கீழ் ஓ-ரிங் இரண்டும் புதிது. பழையது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ரப்பர் இறுகி, உட்கார்ந்த வடிவத்திலேயே நின்றுவிட்டிருக்கும். மேலே கசிந்தால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல். கீழே கசிந்தால் வேக்குவம் லீக்.

கேள்வி: கழற்றி மாட்டும் முறையை வரிசையாகச் சொல்லுங்கள். ஃப்ளோ டெஸ்ட்டுக்கு மட்டும் வெளியே கொடுப்பேன்.

பதில்: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்ப் ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பிடுங்கி ஸ்டார்ட் செய்யுங்கள். தானாக நின்றதும் இன்னும் சில நொடி செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிரஷர் போனாலும் ரெயிலுக்குள் பெட்ரோல் இருக்கும், ஆகவே இணைப்பைத் திறக்கும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

ரெயிலைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் காற்றடித்து மண்ணை ஊதிவிடுங்கள். இதை விட்டால் வருடக்கணக்கில் சேர்ந்த மண் நேராக வால்வுமேல் விழும். வயர் கனெக்டர்களுக்கு எண் போடுங்கள். பழைய பிளாஸ்டிக் பூட்டு உடையும், அவசரம் வேண்டாம். போல்ட்டை எடுத்ததும் ரெயிலை இரு பக்கமும் சமமாக, நேராக மேலே இழுங்கள். எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்துவையுங்கள். பெஞ்ச் முடிவையும் பழைய மிஸ்ஃபயர் கோடையும் பின்னால் ஒப்பிட அது வேண்டும். திறந்த துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: உள்வாயிலில் இருக்கும் சின்ன வலை ஃபில்டரை எடுத்துவிட்டுத்தான் அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் கழுவும்) தொட்டியில் போட வேண்டும். போட்டிருக்கும் நேரம் முழுவதும் பல்ஸ் கொடுத்து ஊசி திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு எதிர்த்திசையில் ஃப்ளஷ், புது ஃபில்டர், புது ஓ-ரிங். முழுதாகத் திறந்துவைத்து எடுக்கும் ஃப்ளோ மட்டும் போதாது. நிமிடத்துக்கு 180 மி.லி. விடும் இன்ஜெக்டர் 15 விநாடியில் 45 மி.லி. சரியாகக் கொடுத்துவிடும், ஆனாலும் ஐடிலில் தடுமாறலாம். அதனால் 2.5 மில்லி விநாடி பல்ஸில் ஆயிரம் முறை ஓட்டி, நான்கு குழாயிலும் மட்டம் பாருங்கள். கடைசியாக, பிரஷரில் மூடியபடி ஒரு நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் விழுந்தால் அந்த இன்ஜெக்டர் குப்பைக்கு.

மாட்டும்போது ஓ-ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயிலை விரலால் தடவுங்கள். காய்ந்த ஓ-ரிங் உருண்டு வெட்டுப்படும். சிலிக்கோன் கிரீஸ் வேண்டாம். முடித்ததும் சாவியை ஆன் செய்து இரண்டு மூன்று முறை பம்ப்பை ஓடவிட்டு, கசிவு இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட்.

கேள்வி: பெட்ரோலில் கிளீனர் ஊற்றினால் இன்ஜெக்டர் கழற்ற வேண்டியதில்லை என்கிறார்களே?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: ஸ்கேனரில் நீண்டகால ட்ரிம் +5 தான். ஆனாலும் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது, கோட் பி0303 (3-ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்). ட்ரிம் நார்மல் என்பதால் இன்ஜெக்டர் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பலர் ஏமாறும் இடம் இது, கணக்குப் போட்டே காட்டுகிறேன். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஆக்ஸிஜன் சென்சார். அது பார்ப்பது சராசரியை. மூன்று இன்ஜெக்டர் 100, ஒன்று 80 என்று வையுங்கள். சராசரி 95. இசியு எல்லாவற்றுக்கும் சுமார் 5 சதவீதம் கூட்டும். ட்ரிம்மில் நீங்கள் பார்க்கும் +5 இதுதான். இப்போது நல்ல மூன்றும் 5 சதவீதம் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். அடைத்தது 84-இல் நிற்கிறது, அதாவது 16 சதவீதம் லீன், பெட்ரோல் குறைவு. அது மிஸ் ஆகும், மைலேஜும் விழும், ட்ரிம் மட்டும் அமைதியாக இருக்கும்.

3-ஆம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை 1-க்கு மாற்றுங்கள், கோட் நகர்கிறதா பாருங்கள். அடுத்து பிளக். இரண்டுக்கும் நகரவில்லை என்றால் கம்ப்ரெஷன் பார்த்துவிட்டு, இன்ஜெக்டரை இடம் மாற்றுங்கள். ஓ-ரிங் புதிது.

கேள்வி: அப்படியானால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் முடிந்ததே?

பதில்: முடியாமலும் போகலாம். பழைய மூன்றும் தேய்ந்து ஆளுக்கு 92 கொடுக்கின்றன என்று வைப்போம். புதிது 100. சராசரி 94. திருத்தம் போட்ட பின் புதிது 6 சதவீதம் ரிச், மற்றவை 2 சதவீதம் லீன். இதே இடத்தில் நான்குமே 92 கொடுத்திருந்தால் இசியு நேரத்தைக் கூட்டிச் சரிசெய்திருக்கும். இன்ஜினுக்கு வித்தியாசமே தெரியாது. இன்ஜெக்டர் புதிதா பழசா என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று சமமா என்பதே கேள்வி. கழுவிய பின் நான்குக்கும் இடையே 2, 3 சதவீத வித்தியாசம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். 5-ஐத் தாண்டினால் கூடாது.

வேறொருவர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். 20 வருட இன்ஜெக்டரில் ஸ்பிரிங், காயில், ஊசி எல்லாமே வயதானவை. கழுவினால் அழுக்குதான் போகும். நான்கும் புதிது போடுவதே நேர்மையான வேலை.

பதில்: ஸ்பிரிங்கும் காயிலும் கழுவலில் இளமையாகாது, உண்மை. ஆனால் அவை கெட்டிருந்தால் பெஞ்சில் தெரிந்துவிடும். காயில் ஓமில் தெரியும். ஸ்பிரிங்கும் ஊசி இருக்கையும் சின்ன பல்ஸ் அளவிலும் சொட்டிலும் தெரியும். அத்தனையிலும் தேறிய பொருளை வயதுக்காகத் தூக்கி எறிய நான் சொல்ல மாட்டேன்.

அதே நண்பர்: இன்று தேறும். ஆறு மாதத்தில் ஒரு காயில் போனால் மறுபடி முழு வேலை.

பதில்: அது நியாயமான வாதம், குறிப்பாக சில வி6 இன்ஜின்களில். மேல் மேனிஃபோல்டையே கழற்றினால்தான் ரெயில் கண்ணுக்குத் தெரியும் என்றால், ஓம் அளவில் ஒன்று சந்தேகமாக இருந்தாலே முழு செட்டும் மாற்றிவிடுங்கள். நான்கு போல்ட்டில் ரெயில் வெளியே வரும் இன்ஜினுக்கு அதே வாதம் நிற்காது. அங்கே கழுவி, பெஞ்சில் தேறியதை மாட்டுவதே சரி. வண்டிக்கு வண்டி முடிவு மாறும்.

இன்னொருவர்: நான் ஒன்று மட்டும்தான் மாற்றினேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: மற்ற மூன்றின் ஃப்ளோ புதியதோடு ஒத்திருந்தால் ஓடும். அளந்து பார்த்து ஒன்று மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அளக்காமல் மாற்றுவதில்தான்.

கேள்வி: காமன் ரெயில் டீசல். இன்ஜெக்டரைக் கழுவலாமா?

பதில்: டீசல் பெஞ்ச் உள்ள கடைக்குப் போங்கள். ஒன்றே ஒன்று: அங்கே பிரஷர் 1,000 பாரைத் தாண்டும். ஓடும் இன்ஜினில் பைப்பைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் புண் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

கேள்வி: கார்புரேட்டர் வண்டிக்கு?

பதில்: இங்கே இல்லை.

கேள்வி: சிலிண்டருக்குள்ளேயே அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி, 10 வருடம். ஓ-ரிங் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. முனையில் டெஃப்லான் வளையம் இருக்கும். அதைக் கூம்பு கருவியால் ஏற்றி, அளவுக் குழாயால் சுருக்கி, ஆயில் தடவாமல் காய்ந்தபடியே மாட்ட வேண்டும். கருவி இல்லாமல் தொடாதீர்கள். இந்த வண்டியில் இன்டேக் வால்வுமேல் பெட்ரோல் படாது என்பதால், டேங்கில் ஊற்றும் கிளீனர் வால்வு கரியையும் தொடாது.

கேள்வி: எந்த பிராண்ட் கிளீனர் நல்லது?

பதில்: மூன்றாவது முறை இதே கேள்வி. பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று டப்பாவில் படியுங்கள். இனி கிளீனர் பற்றி வருவதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: பெயர் இல்லாத செட் கிடைக்கிறது. கனெக்டர் ஒன்றுதான், நீளமும் சரி. போடலாமா?

பதில்: கனெக்டர் பொருந்துவது எதையும் நிரூபிக்காது. ஓம் மாறினால் இசியு போகும்: 14 வோல்ட்டில் 14 ஓம் இன்ஜெக்டர் இழுப்பது 1 ஆம்பியர், 2.4 ஓம் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். டிரைவர் டிரான்சிஸ்டர் தாங்காது. 3 பாரில் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்பது ஒத்துப்போக வேண்டும். தூவும் வடிவமும் முக்கியம்: நான்கு வால்வு ஹெட்டில் இரண்டு வால்வையும் நோக்கி இரு தாரையாகப் பிரிந்து போக வேண்டும், ஒற்றைத் தாரை நடுச்சுவரில் மோதி வழியும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், புதுசையும் பெஞ்சில் போட்டுவிட்டு மாட்டுங்கள். போலிகள் பல இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன.

கேள்வி: கழுவி எட்டு மாதம் ஆகிறது, மறுபடி அதே மிஸ்ஸிங். ஃப்ளோ பார்த்தால் இரண்டு இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது. மாற்றிவிடட்டுமா?

பதில்: புதிது போட்டாலும் எட்டு மாதத்தில் அடைக்கும். வெளியே எடுத்த சின்ன வலை ஃபில்டரை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். பழுப்புத் தூள் என்றால் டேங்க் துரு. கறுப்பு ரப்பர் துகள் என்றால் ஹோஸ் உள்ளே உரிகிறது. பிசுபிசுப்பு என்றால் வண்டி மாதக்கணக்கில் நின்று பெட்ரோல் கெட்டிருக்கிறது. எதுவாக இருந்தாலும் டேங்க், ஹோஸ், மெயின் ஃபில்டர், இந்த வரிசையில் சரிசெய்யுங்கள். பிறகு அந்த இரண்டையும் கழுவி அளவு எடுங்கள். நான்கும் சமமாக வந்தால் பழையதையே மாட்டலாம். ஓ-ரிங் எட்டு மாதம்தான் ஆகிறது என்று திரும்பப் போட்டுவிடாதீர்கள், அதுவும் புதிதே.